குகைக்குள் நடந்தது என்ன? – ஆங்கில இலக்கியம் பயிலும் மாணவர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள மாணவ நண்பர்களே,

கல்லூரியில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆங்கில இலக்கியம் போதித்து ஓய்வு பெற்றவன் என்பதைத் தவிர, உங்களுக்கு மடல் எழுத வேறு உரிமை எதுவும் எனக்கில்லை. ஆயினும், ஈ. எம். ஃபார்ஸ்டர் 1924-ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘எ பாஸேஜ் டு இந்தியா’ என்னும் நாவலைப் பாடமாகப் பெற்றிருக்கும் உங்களில் பலர், நாவலைத் திறப்பதற்கு முன்பே கடையில் விற்கும் நோட்ஸைத் திறந்துவிடுகிறீர்கள் என்று கேள்விப்பட்டபோது, அந்த நோட்ஸில் மலிந்துகிடக்கும் தவறுகளில் பாதியாவது என்னைப் போன்றவர்களின் வகுப்பறைகளிலிருந்து புறப்பட்டுப் போனவையே என்ற குற்ற உணர்வு என்னைச் சும்மா இருக்க விடவில்லை.

பல ஆண்டுகளுக்கு முன் ஒரு பிற்பகல் வகுப்பில், அதுவரை வாய் திறந்தே அறியாத ஒரு மாணவன் எழுந்து, “சார், குகைக்குள் என்னதான் நடந்தது?” என்று கேட்டான். “ஆசிரியர் அதைச் சொல்லவில்லையப்பா” என்றேன். “எழுதினவருக்கே தெரியாத விஷயத்துக்கு எங்களுக்கு எப்படி சார் பதினைந்து மார்க்?” என்றான். வகுப்பு முழுவதும் சிரித்தது, நானும் சிரித்தேன், நல்லவேளையாக மணியும் அடித்தது. மறுநாள் கரும்பலகையில் ஒரு கோடு கிழித்து, இடப்பக்கத்தில் மசூதி, குகை, கோயில், குளவி, எதிரொலி என்று எழுதி, வலப்பக்கத்தில் ஒவ்வொன்றுக்கும் ‘பொருள்’ எழுதி, வாய்ப்பாட்டை ஒப்புவிப்பதைப் போல ஒப்புவித்து முடித்தேன். அந்த மாணவன் நல்ல மார்க்கும் வாங்கினான். ஆனால் அவன் கேட்ட கேள்விக்கு நான் பதில் சொல்லவில்லை என்பது அவனுக்குத் தெரியும், எனக்கும் தெரியும். அன்று சொல்லாத பதிலை இன்று உங்களுக்குச் சொல்லிக் கடனைத் தீர்த்துக்கொள்ள முயல்கிறேன்.

முதலில் இந்நூல் பிறந்த கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஸர் ஸையத் அகமத் கானின் பேரரான ஸையத் ராஸ் மசூத் என்பவருக்கு 1906-இல் லத்தீன் மொழி கற்பிக்கப் போனவர் ஃபார்ஸ்டர். அந்தப் பழக்கம் ஆழ்ந்த நட்பாக முதிர, அந்த நண்பரைக் காணும் ஆவலே அவரை 1912-இல் இந்தியாவுக்கு இழுத்து வந்தது. நாவலும் அவருக்கே சமர்ப்பிக்கப்பட்டிருக்கிறது. 1913 ஜனவரியில் கயைக்கு வடக்கே உள்ள பராபர் குகைகளை ஃபார்ஸ்டர் பார்த்தார். ஊர் திரும்பியதும் எழுதத் தொடங்கிச் சில அதிகாரங்களுக்குப் பின் நிறுத்திவிட்டார். இடையில் ஒரு மகாயுத்தம் வந்து போயிற்று. 1919 ஏப்ரல் 13-இல் ஜாலியன்வாலா பாக் படுகொலை நிகழ்ந்தது. 1921-இல் தேவாஸ் சமஸ்தானத்து மகாராஜாவின் அந்தரங்கக் காரியதரிசியாக அவர் மறுபடியும் இந்தியா வந்து, அங்கே கோகுலாஷ்டமி உற்சவத்தைக் கண்ணாரக் கண்டார். பத்தாண்டுகளுக்கு மேல் கிடப்பில் கிடந்தும் கிளர்ந்தும் வளர்ந்த நூல் 1924-இல் வெளிவந்தபோது அவருக்கு வயது நாற்பத்தைந்து. அதன் பின் 1970-இல் மறையும் வரை வேறு நாவல் எதையும் அவர் வெளியிடவில்லை.

இனி, அந்த மாணவனின் கேள்விக்கு நேரடியாகத் தொடர்புடைய ஒரு செய்தி. 1978-இல் அச்சேறிய கையெழுத்துப் பிரதிகளில், குகைக் காட்சியின் முந்தைய வரைவு ஒன்று இருக்கிறது. அதில் குகையின் இருளில் ஒருவன் அந்த ஆங்கிலப் பெண்ணைப் பிடித்திழுக்கிறான். அவள் தன் கையிலிருந்த தூரதிருஷ்டிக் கண்ணாடியால் அவனை அடித்து விலக்கித் தப்பி ஓடுகிறாள். அதாவது, நடந்ததைச் சொல்ல ஃபார்ஸ்டருக்குத் தெரியாமலில்லை; ஒருமுறை சொல்லியும் பார்த்தார்; பிறகு அந்தப் பக்கங்களை நீக்கினார். நாவல் வெளிவந்த அதே மாதத்தில் தம் நண்பர் லோஸ் டிக்கின்ஸனுக்கு எழுதிய கடிதத்தில், குகையில் இருந்தது மனிதனாகவும் இருக்கலாம், அமானுஷ்யமாகவும் இருக்கலாம், வெறும் மனமயக்கமாகவும் இருக்கலாம், எதையேனும் ஒன்றைச் சொல்லிவிட்டால் புத்தகமே வேறாகிவிடும், ஆகையால் அவ்விடம் மங்கலாகவே இருக்கட்டும் என்று தாமே தீர்மானித்துக்கொண்டதாகத் தெரிவித்தார். ஆதலால், இந்நாவலின் பொருள் மயக்கம் எழுதத் தெரியாதவனின் தடுமாற்றத்தால் வந்ததென்று எவரும் சொல்ல முடியாது. எழுதியதை அழித்துப் பெற்ற மயக்கம் அது. ஏன் அழித்தார் என்பதே நாம் கேட்க வேண்டிய கேள்வி.

கதையை இன்னும் படியாதவர்களுக்காக நாலு வரி. சந்திரபூர் என்னும் கற்பனை நகரத்தில் ரானி ஹீஸ்லப் நகர மேஜிஸ்திரேட். அவனை மணப்பது பற்றி முடிவு செய்ய அதேலா குவெஸ்டட் என்னும் பெண், அவன் தாயார் மிஸஸ் மூருடன் இங்கிலாந்திலிருந்து வருகிறாள். அவ்வூர் ஆஸ்பத்திரி டாக்டர் அஸீஸ், மசூதியில் மிஸஸ் மூரைச் சந்தித்து நட்புக்கொண்டு, இருவரையும் இருபது மைல் தொலைவிலுள்ள மராபார் குகைகளுக்கு அழைத்துச் செல்கிறார். ஒரு குகையில் மூச்சுத் திணறி மிஸஸ் மூர் வெளியே அமர்ந்துவிட, அஸீஸும் அதேலாவும் ஒரு வழிகாட்டியோடு மேலே ஏறுகிறார்கள். உங்களுக்கு ஒரு மனைவிதானா, பலரா என்று அவள் வெகுளியாகக் கேட்ட கேள்வியால் மனம் புண்பட்ட அஸீஸ், தன்னைத் தேற்றிக்கொள்ள ஒரு குகைக்குள் நுழைகிறார்; அவளும் வேறொரு குகைக்குள் நுழைகிறாள். அடுத்து நாம் அறிவதெல்லாம், உடம்பெல்லாம் கள்ளிமுள் தைக்க அவள் மலைச்சரிவில் ஓடி இறங்கினாள் என்பதும், அறுந்த வாருடன் அவளது தூரதிருஷ்டிக் கண்ணாடி கிடைத்தது என்பதும், குகையில் அவளைத் தாக்கியதாக ரயிலடியில் அஸீஸ் கைது செய்யப்பட்டார் என்பதுந்தான்.

இந்த இடத்துக்கு நம்மைக் கொண்டுவருவதற்கு முன் ஃபார்ஸ்டர் செய்யும் ஆயத்தத்தைக் கவனியுங்கள். அரசாங்கக் கல்லூரி முதல்வர் ஃபீல்டிங் தம் சட்டைக்குப் பின்கழுத்துப் பொத்தான் இல்லாமல் தவிக்கும்போது, அஸீஸ் தன் கழுத்துப் பொத்தானையே கழற்றி, உபரியாக வைத்திருந்தது என்று பொய் சொல்லிக் கொடுத்துவிடுகிறார். பின்னர் அஸீஸின் காலர் மேலேறி நிற்பதைக் கண்ட ரானி, இந்தியனின் அசிரத்தைக்கு இதுவே அத்தாட்சி என்று தீர்ப்புக் கூறுகிறான். கண்ணால் கண்டது மெய். அதிலிருந்து செய்த அனுமானம் முழுப் பொய். அன்றே அவனும் அதேலாவும் மரத்தில் ஒரு பச்சைப் பறவையைக் கண்டு அதன் பெயரை அறிய விரும்புகிறார்கள். அது இலைகளுக்குள் புகுந்துவிடுகிறது. பின்பு நவாப் பகதூரின் மோட்டார் இருட்டில் எதன்மேலோ மோதுகிறது. எருமையா, கழுதைப்புலியா, அல்லது நவாப் தமக்குள் அஞ்சுவதைப் போல, ஒன்பது வருஷங்களுக்கு முன் அவர் வண்டியில் அடிபட்டு இறந்தவனின் ஆவியா என்பது தெளிவாவதில்லை. பெரிய ஐயத்தை நம் தலையில் ஏற்றுவதற்கு முன், சிறிய ஐயங்களைச் சுமக்க ஆசிரியர் நம்மைப் பழக்குகிறார்.

இவற்றுள் என் மனத்துக்கு மிகவும் உகந்தது, மராபாருக்குப் போகும் வழியில் யானையின் மேலிருந்து அவர்கள் காணும் பாம்பு. தூரத்தில் கறுத்து நிமிர்ந்து நிற்பதைப் பாம்பு என்கிறாள் அதேலா. கிராமத்தாரும் ஆமென்று ஆமோதிக்கிறார்கள். கண்ணாடியை வைத்துப் பார்த்தால் அது பட்டுப்போன பனையின் கட்டை. அவள் தன் தவற்றைச் சொல்கிறாள். ஆனால் அந்தச் சொல் வந்தபின் கிராமத்தார் அதை விடுவதாயில்லை. கண்ணாடியில் மரமாகத் தெரிந்தாலும் அது கருநாகமே என்று அஸீஸும் ஏதோ ஒரு கதை கட்டி விளக்குகிறார். கயிற்றரவு என்னும் வேதாந்த உவமையைப் பிள்ளைப் பருவம் முதல் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். விளக்கைக் கொண்டுவந்தால் பாம்பு மறைந்து கயிறு எஞ்சும் என்பது அதன் சாரம். இங்கோ விளக்கு வந்த பிறகும் பாம்பு போகவில்லை. ஒருமுறை ‘பாம்பு’ என்று சொல்லிவிட்டால், சொன்னவளே மறுத்தாலும் ஊர் நம்பாது. சில அதிகாரங்கள் கழித்து நியாயஸ்தலத்தில் நடக்கப்போவது முழுவதும் இந்தப் பனங்கட்டையில் அடங்கிக் கிடக்கிறது. குறியீடு என்பதை நான் இப்போது இவ்விதந்தான் புரிந்துகொள்கிறேன்: அகராதியைப் போல ஒரு சொல்லுக்கு ஒரு பொருள் தராமல், பின்னால் வரும் ஒரு நிகழ்ச்சி முன்னால் வந்த சிறு காட்சியைத் திரும்பிப் பார்க்கவைத்து, அதற்கு அதுவரை இல்லாத கனத்தைக் கொடுக்கிறதே, அந்தக் கனம்.

நம் அகப்பாட்டு மரபில் உள்ளுறை என்று ஒன்று உண்டு. அங்கே பொய்கையும் மீனும் நீர்நாயும் தலைவனுக்கும் பரத்தைக்கும் தோழிக்கும் ஒன்றுக்கொன்று பொருந்தி நிற்கும். கற்றவன் அதை விரித்துச் சொல்லிவிடலாம். நான் கரும்பலகையில் எழுதிய வாய்ப்பாடு, மராபார் குகையை அத்தகைய உள்ளுறையாகக் கொண்ட தவற்றின் விளைவு. குகைக்கு அப்படி ஒரு பொருத்தம் கிடையாது. எட்டடி நீளமும் ஐந்தடி உயரமும் மூன்றடி அகலமும் உள்ள ஒரு சுரங்க வழி, அதன் முடிவில் சுமார் இருபதடி விட்டமுள்ள ஒரு வட்ட அறை. ஒன்றைப் பார்த்தால் எல்லாவற்றையும் பார்த்ததாகும். பார்த்தவனுக்கும் எதைப் பார்த்தோம் என்று சொல்லத் தெரியாது. தீக்குச்சியைக் கிழித்தால், கண்ணாடிபோல் மெருகேறிய சுவருக்குள்ளிருந்து இன்னொரு சுடர் எழுந்து வருகிறது; இரண்டும் நெருங்கி நெருங்கித் தொடப் பார்த்தும் தொட முடியாமல், குச்சி அணைய இரண்டும் அணைகின்றன. நட்பைப் பற்றிய நாவலில் இதைவிடத் துயரமான படிமம் வேறெங்கே இருக்கிறது? ஆயினும் அதை ‘இந்தியாவும் இங்கிலாந்தும்’ என்று மொழிபெயர்த்து நோட்டில் எழுதிய மாத்திரத்தில், அந்தச் சுடர் அப்போதே அணைந்துவிடுகிறது.

எதிரொலியும் அப்படியே. நல்வாக்கு, வசைச்சொல், மூக்குச் சிந்தும் ஓசை, எதை ஒலித்தாலும் அந்தக் குகை ‘பூம்’ என்ற ஒரே முழக்கத்தைத் திருப்பித் தருகிறது. ஆயுள் முழுவதும் கிறிஸ்துவின் அன்பை நம்பிய மிஸஸ் மூருக்கு, எல்லாச் சொல்லும் ஒரே ஓசையாகக் கரைந்தபோது நன்மைக்கும் தீமைக்கும் உள்ள வேறுபாடே கரைந்து போயிற்று; அவள் அதன்பின் யாரோடும் நெஞ்சொட்டிப் பேசவில்லை; அஸீஸ் குற்றமற்றவர் என்று அறிந்திருந்தும் சாட்சி சொல்ல நிற்காமல் கப்பலேறி நடுக்கடலில் மாண்டாள். அதே எதிரொலி அதேலாவின் காதில் வேறுவிதமாக நோய்போல் ஒலித்துக்கொண்டேயிருந்து, அவள் உண்மையைச் சொன்ன நாளில் நின்றது. ஒரே குகை, ஒரே ஓசை. ஒருத்திக்கு நம்பிக்கையின் அழிவு, மற்றொருத்திக்கு மனச்சாட்சியின் நச்சரிப்பு. இதற்குப் ‘பொருள்’ என்னும் பத்தியில் ஒற்றைச் சொல்லை எழுதுவது எப்படி?

இந்தக் குகைகளைப் பற்றி மற்றொரு செய்தியும் நீங்கள் அறிய வேண்டும். மெய்யான பராபர் குகைகள் பெயரற்றவை அல்ல. அசோகர் முடிசூடிய பன்னிரண்டாம் ஆண்டில் ஆசீவகத் துறவிகளுக்கு அவற்றுள் சிலவற்றைத் தானமளித்ததைச் சொல்லும் பிராமிக் கல்வெட்டுகள் அங்கே இருக்கின்றன. லோமச ரிஷி குகையின் வாயிலில் யானைகள் வரிசையாக நடக்கும் அழகிய சிற்ப வளைவு இருக்கிறது. ஊழே அனைத்தையும் நடத்துகிறது என்று கொண்ட அந்த ஆசீவகரின் கொள்கையை அறிய இன்று நமக்குள்ள ஆதாரங்களில் மணிமேகலையும் நீலகேசியும் சிவஞான சித்தியாரின் பரபக்கமும் முக்கியமானவை என்பதையும், ஏ. எல். பாஷம் 1951-இல் அவர்களைப் பற்றி எழுதிய ஆராய்ச்சி நூலில் இத்தமிழ் நூல்களை விரிவாகப் பயன்படுத்தினார் என்பதையும் தமிழ் மாணவர்களாகிய நீங்கள் பெருமையோடு நினைக்கலாம். அக்கல்வெட்டுகள் சிலவற்றில் ‘ஆசீவகர்’ என்ற பெயரைப் பிற்காலத்தில் யாரோ உளியால் சிதைத்திருக்கிறார்கள். ஃபார்ஸ்டரோ கல்வெட்டையும் சிற்பத்தையும் துறவிகளையும் ஒருங்கே துடைத்தெறிந்து, எவருக்கும் புனிதமல்லாத, எவராலும் செதுக்கப்படாத, மனிதனுக்கு முந்தைய வெறுங்குகையாக அவற்றை ஆக்கினார். பராபர் ‘மராபார்’ ஆனபோது ஓரெழுத்து மட்டும் மாறவில்லை. ஒரு சரித்திரமே கழிக்கப்பட்டது. கலைக்கு அது தேவைப்பட்டது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆளும் இனத்தைச் சேர்ந்த ஒருவரின் கையால் அது நடந்தது என்பதையும் மறக்க மாட்டேன்.

இனி மையமான விஷயத்துக்கு வருகிறேன். குகைக்குள் என்ன நடந்தது என்பது தெரியாத நிலையில், சந்திரபூரிலுள்ள ஆங்கிலேயர் அத்தனை பேருக்கும் அது தெரிந்துவிடுகிறது. போலீஸ் அதிகாரி மக்பிரைட், முப்பதாவது அட்சரேகைக்குத் தெற்கே வாழ்பவர்கள் எல்லாம் உள்ளூரக் குற்றவாளிகளே என்ற சித்தாந்தம் உடையவர். அவர் பிறந்த கராச்சியும் அதற்குத் தெற்கேதான் இருக்கிறது என்று ஃபார்ஸ்டர் சிரிக்காமல் நமக்கு நினைவூட்டுகிறார். விசாரணை நாளன்று கலெக்டரின் மனைவி, ஆங்கிலப் பெண் கண்ணில் பட்டால் இந்த ஜனங்கள் குகை வரையில் முழந்தாளில் தவழ வேண்டும் என்கிறாள். 1924-இல் அதைப் படித்தவர்களுக்கு, 1919-இல் அமிர்தசரஸில் ஓர் ஆங்கில மாது தாக்கப்பட்ட சந்தில் போகும் இந்தியர் அனைவரும் ஊர்ந்து செல்ல வேண்டுமென்று ஜெனரல் டயர் இட்ட கட்டளை நினைவுக்கு வராமல் இருந்திராது. சாட்சியம் வருவதற்கு முன்பே தீர்ப்பு வந்துவிடுவதும், ஐயப்படுகிறவனைத் துரோகி என்று கிளப்பிலிருந்து வெளியேற்றுவதும் தனிமனிதரின் குரோதத்தால் மட்டும் நேர்வன அல்ல. சில ஆயிரம் பேர் பல கோடிப் பேரை ஆள வேண்டுமானால், ‘இவர்களை எங்களுக்குத் தெரியும்’ என்ற நிச்சயம் அந்த ஆட்சிக்குத் துப்பாக்கியைக் காட்டிலும் அத்தியாவசியமான ஆயுதம்.

இந்தியரை மட்டும் ஆசிரியர் தப்பவிட்டார் என்று எண்ணாதீர்கள். நியாயஸ்தலத்துக்கு வெளியே கூடிய ஜனங்கள் மிஸஸ் மூரின் பெயரைத் தெய்வ நாமம்போல் ‘எஸ்மிஸ் எஸ்மூர்’ என்று முழங்குகிறார்கள். அந்தக் கிழவியோ அந்நேரம் உயிரோடு இல்லை. ஃபீல்டிங் அதேலாவையே மணந்துகொண்டார் என்று அஸீஸ் ஆண்டுக்கணக்கில் நம்பி, வந்த கடிதங்களைப் பிரித்தும் பாராமல் வைரம் பாராட்டுகிறார். ஃபீல்டிங் மணந்தது மிஸஸ் மூரின் மகள் ஸ்டெல்லாவை. குற்றமற்ற அஸீஸ்கூட அன்று மலையில் நடந்ததைத் தனக்கு வசதியாகத் திருத்தித்தான் பிறருக்குச் சொல்கிறார். நிச்சயம் என்னும் நோய் இரு தரப்பையும் பற்றியிருக்கிறது. வேறுபாடு என்னவென்றால், ஒரு தரப்பின் நிச்சயத்துக்குப் பின்னால் சிறைச்சாலை இருக்கிறது.

இந்தப் பின்னணியில் விசாரணைக் காட்சியை மறுபடியும் படியுங்கள். கூடத்தின் பின்புறம் மேடைமேல், வழக்கென்ன வாதென்ன என்று எதுவும் அறியாமல், ஒரு தேவனைப்போல் அமர்ந்து பங்கா இழுத்துக்கொண்டிருக்கிறான் ஓர் ஏழை. அவன் இழுப்பின் லயத்தில் அதேலாவின் நினைவு மராபாருக்குத் திரும்பிச் செல்கிறது. குகை வாயிலில் தன்னைக் காண்கிறாள், அஸீஸ் பின்தொடர்ந்து உள்ளே வருவதைக் காண முயல்கிறாள், காணவில்லை. தனக்கு நிச்சயமில்லை என்கிறாள். பிறகு தான் பிழை செய்துவிட்டதாகச் சொல்லி வழக்கை வாபஸ் பெறுகிறாள். நாவலில் வீரச்செயல் என்று சொல்லத்தக்கது இது ஒன்றே. தன் இனத்தார் அனைவரும் தன் பெயரால் வாளை உருவி நிற்கையில், அவர்களுக்கு நடுவே எழுந்து நின்று ‘எனக்கு நிச்சயமில்லை’ என்று சொல்வதற்கு வேண்டிய நெஞ்சுரம் சாமானியமானது அன்று. அதற்குப் பரிசாக அவள் பெற்றது நிச்சயித்த மணத்தின் முறிவும், இரு தரப்பாரின் வெறுப்புமே. ஃபார்ஸ்டர் ஏன் அந்த வரைவை அழித்தார் என்பதற்கு விடை இங்கே இருக்கிறது. நமக்கு முன்னமே உண்மையைச் சொல்லியிருந்தால், நாம் அதேலா உண்மையைக் கண்டுபிடிக்கிறாளா இல்லையா என்று வேடிக்கை பார்த்திருப்போம். சொல்லாமல் விட்டதனால், தெரியாத ஒன்றைத் தெரியாதென்று ஒப்புக்கொள்ளும் பரீட்சை அவளுக்கு வந்ததைப் போல நமக்கும் வருகிறது. ‘குகைக்குள் நடந்ததைச் சொல்’ என்று ஆசிரியரின் சட்டையைப் பிடிக்கும் வாசகன், தன்னை அறியாமலே சந்திரபூர் கிளப்பின் நாற்காலி ஒன்றில் அமர்ந்திருக்கிறான்.

ஐயம் என்பது இந்நாவலில் வெறுமையாகவே முடிவதில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். நூலின் மூன்று பகுதிகளும் குளிர்காலம், கோடை, மழைக்காலம் என்னும் மூன்று பருவங்களில் நடப்பவை. கோடையில் வெடித்த நிலத்தின்மேல், மூன்றாவதான கோயில் பகுதியில் மழை பெய்கிறது. முதல் பகுதியில், கண்ணனை வா வா என்று அழைத்தும் அவன் வராத கோபியின் பாட்டைப் பாடினாரே பேராசிரியர் கோட்போலே, அவரே மௌ என்னும் சமஸ்தானத்தில் கோகுலாஷ்டமி இரவில் ஆடிப் பாடுகிறார். அப்போது சந்திரபூரில் கண்ட ஒரு கிழவியின் நினைவும், பிறகு ஒரு கல்லின் மேலிருந்த குளவியின் நினைவும் அவருக்குள் எழுகின்றன. கிழவியை அன்பில் சேர்த்துக்கொள்கிறார், குளவியைச் சேர்த்துக்கொள்கிறார், கல்லையும் சேர்க்கப் பார்த்துத் தோற்கிறார். முதல் பகுதியில் ஓரிரவு கோட்டு மாட்டும் ஆணியில் தூங்கிய குளவியை மிஸஸ் மூர் செல்லமாக விளித்தது கோட்போலேக்குத் தெரியாது. இரண்டு குளவிகளையும் அறிந்தவர்கள் நாம் மட்டுமே. அந்த இணைப்பை ஆசிரியர் சொல்லவில்லை; நம் நினைவில் அதை நிகழவிடுகிறார். அன்பே கடவுள் என்று ஆங்கிலத்தில் எழுதப்பட்ட வாசகத்தில்கூட எழுத்து இடம் மாறிப் பிழையாகிவிடுகிறது, பிழையோடேயே உற்சவம் நடக்கிறது, கடவுளும் பிறக்கிறார்.

இவ்வளவு புகழ்ந்தபின், என் மனக்குறையையும் மறைக்கலாகாது. 1954-இல் நீரத் சௌதுரி ஒரு கட்டுரையில், ஆட்சியாளர்–அடிமை என்னும் அரசியல் பிரச்சினையைத் தனிமனிதர் உறவின் பிரச்சினையாக ஃபார்ஸ்டர் சுருக்கிவிட்டார் என்று கண்டித்தார். அதில் நியாயம் உண்டு. அதைவிட என்னை உறுத்துவது வேறொன்று. வழக்கு முடிந்த பின் அதேலாவும் ஃபீல்டிங்கும் நாகரிகமாக அமர்ந்து, குகையில் இருந்தது யாராயிருக்கும் என்று ஆராய்ந்து களைத்துப்போய், வழிகாட்டி என்றே வைத்துக்கொள்வோம் என்று பேச்சை முடிக்கிறார்கள். அந்த வழிகாட்டிக்குப் பெயர் இல்லை. அஸீஸிடம் அறை வாங்கி ஓடியவன் பிறகு கதையில் தோன்றுவதேயில்லை. யாரும் அவனைத் தேடி ஒரு கேள்வி கேட்கவில்லை. நாவலிலேயே மிக நேர்மையான இரண்டு ஆங்கிலேயர், வேறு வழியின்றி மிச்சமிருந்த ஐயத்தை ஓர் ஏழைக் கிராமத்தான் தலையில் இறக்கிவைத்துவிட்டு நிம்மதி அடைகிறார்கள். ஃபார்ஸ்டர் இதை உணர்ந்து எழுதினாரா என்பதை நூலிலிருந்து என்னால் நிர்ணயிக்க முடியவில்லை. ஆனால் ஐயத்தின் பலன் கனவான்களுக்குக் கிடைக்கையில் அதன் சுமை யார்மேல் விழுகிறது என்று கேட்கும் பொறுப்பு வாசகருக்கு இருக்கிறது. மங்கலாக எழுதப்பட்டதெல்லாம் ஆழமானது என்று மயங்காதீர்கள். கான்ராடின் காங்கோ நாவலில் உள்ள இருளும் மூடுபனியும் ஆப்பிரிக்க மனிதர்களின் முகத்தையே மறைத்துவிட்டன என்று 1975-இல் சினுவா அச்செபே எழுப்பிய குற்றச்சாட்டு இன்றும் தீர்ந்தபாடில்லை. மயக்கம் எதைக் காட்டுகிறது, யாரை மறைக்கிறது என்னும் இரண்டு கேள்விகளையும் சேர்த்தே கேளுங்கள்.

திரைப்படத்தைப் பார்த்துவிட்டால் போதும் என்று நினைப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. 1984-இல் டேவிட் லீன் எடுத்த படம் கண்ணுக்கு விருந்துதான். மிஸஸ் மூராக நடித்த பெகி ஆஷ்கிராஃப்ட் ஆஸ்கார் பரிசும் பெற்றார். ஆனால் அதேலா சைக்கிளில் தனியே சென்று, சிற்றின்பச் சிற்பங்கள் நிறைந்த பாழடைந்த கோயிலொன்றைக் கண்டு, குரங்குகளுக்கு அஞ்சி ஓடும் ஒரு காட்சியைப் படத்தில் புதிதாகச் சேர்த்திருக்கிறார்கள். நாவலில் அது இல்லை. குகைக்குள் நடந்தது அவளது அடங்கிய இச்சையின் மாயத்தோற்றம் என்று பதில் சொல்லிவிடும் ஆவலே அக்காட்சியைப் படைத்தது. மௌனத்தைப் பொறுக்க முடியாமல் பேசிவிட்ட படம் அது.

அந்த மாணவன் இப்போது எங்கே இருக்கிறானோ, அறியேன். அவன் கேள்விக்கு என் பதில் இதுதான்: குகைக்குள் நடந்தது தெரியாது, அதை முதல் வரியில் துணிந்து எழுது, அது ஏன் தெரியாமலிருக்க வேண்டும் என்பதை விளக்குவதற்குத்தான் அந்தப் பதினைந்து மார்க்.

உங்களிடம் நான் வேண்டுவது ஒன்றே. அந்நாவலின் முதல் அதிகாரம் சில பக்கங்களே கொண்டது. பெயர் சொல்லப்பட்ட ஒரு மனிதன்கூட அதில் இல்லை. ஆறும் ஊரும் வானமும், தொடக்கத்திலும் முடிவிலும் அந்தக் குகைகளுமே இருக்கின்றன. அகராதி ஒன்றைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அதை இருமுறை வாசியுங்கள். நோட்ஸ் தேவையா என்பதை அதற்குப் பிறகு நீங்களே தீர்மானித்துக்கொள்ளலாம்.

உங்கள் நலம் விரும்பும்,
ஒரு பழைய ஆசிரியன்